‘நான் அடிக்கவில்லை, பேச மட்டுமே செய்தேன்’: ஓர் உதவி ஆய்வாளரின் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

வட சென்னையில் ஒரு காவல் நிலையத்தின் குற்றப்பிரிவில் உதவி ஆய்வாளராக இருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். நேரடித் தேர்வில் உதவி ஆய்வாளராகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சந்தேகத்தின் பேரில் அழைத்து வரப்படுபவர்களிடம் குரலை உயர்த்தாமல் பேசியே உண்மையை வாங்கிவிடுவார் என்ற பெயர் அவருக்கு உண்டு. ‘அவரைக் கூப்பிடு, பேச வெச்சுடுவாரு’ என்று சரகத்தில் சொல்வார்களாம். சங்கிலிப் பறிப்பில் சிக்கிய ஓர் இளைஞரிடம் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், வியாசர்பாடியில் எந்த அணிக்குக் கால்பந்து ஆடினாய், ஏன் விட்டாய் என்றே கேட்டுக்கொண்டிருந்ததாகவும், மூன்றாவது டீ வருவதற்குள் சங்கிலி எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்று அந்த இளைஞரே சொல்லிவிட்டதாகவும் எழுதுகிறார்.

இந்தப் பெயரே இப்போது அவருக்கு வினையாகியிருக்கிறது. ஆறு மாதங்களுக்கு முன், உதவி ஆணையர் ஒருவரின் தனிப்படை, இவருடைய நிலையத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு வீட்டுக் கொள்ளை வழக்கில் பேச அவரைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறது. நிலையத்துக்குப் பின்னால் காலியாகக் கிடந்த பழைய காவலர் குடியிருப்பில், முந்தைய இரவிலிருந்தே வைக்கப்பட்டிருந்த 19 வயது இளைஞரிடம் மூன்று மணி நேரம் பேசினார். நகைகளில் ஒரு பகுதி மீட்கப்பட்டது. வாக்குமூலத்தை அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுத, வேறோர் அதிகாரி கையெழுத்திட்டிருக்கிறார். அன்று மாலை ஐந்து மணிக்குக் கைது செய்ததாகக் காகிதம் தயாராகியது. இப்போது அந்த இளைஞரின் தாய் மாநில மனித உரிமை ஆணையத்தில் கொடுத்த புகாரில் ஐந்து பேரில் ஒருவராக இவரும் இருக்கிறார். சம்மன் வந்துவிட்டது, ஆய்வாளர் பதவி உயர்வுப் பட்டியலும் தயாராகிக்கொண்டிருக்கிறது.

அவர் கேட்பவை இவை. நான் கை வைக்கவே இல்லை. என் தவறு என்ன? என் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ‘வரவே இல்லைன்னு சொல்லிடுங்க’ என்று சக அதிகாரிகள் சொல்வதைக் கேட்கலாமா? கைபேசியில் காணொளியாகப் பதிவான ஒப்புதலை நீதிமன்றம் ஏன் ஏற்பதில்லை? இத்தனை ஆண்டு சம்பாதித்த திறமையை வைத்துக்கொண்டு இனி எங்கே போவது, அல்லது வேலையையே விட்டுவிடுவதா?

ஐயா, உங்கள் கேள்விகளுக்குள் போவதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் ஒரு தகவலாக மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோன வரியை எடுத்துக்கொள்கிறேன். ‘பையனின் பாதங்கள் வீங்கியிருந்தன, செருப்பு ஏறவில்லை, நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதிரில் இருப்பவரின் கண், கை, மூச்சு எல்லாவற்றையும் கவனிப்பதுதான் உங்கள் தொழில். அன்று அதே கவனத்தால் வீக்கத்தைப் பார்த்தீர்கள்; பார்த்தும் கேட்கவில்லை. ஆணையத்தில் உங்களைக் குறுக்கு விசாரணை செய்யப்போகும் வழக்கறிஞர் முதலில் கை வைக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். ஆகவே நாமும் இங்கிருந்தே தொடங்குவோம்.

‘நான் அடிக்கவில்லை’ என்பது எவ்வளவு தூரம் தாங்கும்

அடித்தவர் வேறு, பேசியவர் வேறு என்று நீங்கள் பிரித்துப் பார்க்கிறீர்கள். சட்டம் அப்படிப் பிரித்துப் பார்க்கும் என்று நம்பாதீர்கள். ஒப்புதல் வாங்குவதற்காகக் காயம் விளைவிப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆவது பிரிவின் கீழ் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். கொடுங்காயமானால் பத்தாண்டு வரை. பலர் சேர்ந்து ஒரே நோக்கத்துடன் செய்யும் செயலில் ஒவ்வொருவரும் முழுச் செயலுக்கும் பொறுப்பாளி என்ற விதி காவல் துறைக்கும் பொருந்தும். இரவில் சிலர் அடித்தார்கள், காலையில் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார், மதியம் நகை வந்தது என்று வரிசைப்படுத்தினால், உங்கள் கனிவும் அதே திட்டத்தின் அடுத்த கட்டம் என்று வாதிட எதிர்த்தரப்புக்குப் பெரிய சிரமம் இருக்காது. அந்த வாதம் வென்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. இரவில் நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதில் உங்களுக்குப் பங்கில்லை என்பதை நிறுவ இடம் இருக்கிறது. ஆனால் பாதங்களைப் பார்த்த பிறகும் உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த நொடியிலிருந்து மருத்துவரை அழைப்பதும் மேலே தெரிவிப்பதும் உங்கள் கடமையாகிவிட்டன.

உங்களுக்குக் கசப்பாக இருக்கக்கூடிய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த இளைஞர் உங்கள் பேச்சுத் திறனால் மட்டுமே வாய் திறந்தார் என்று உங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியுமா? அச்சுறுத்தலின் பாதிப்பு முழுமையாக நீங்கிய பிறகு சொன்னால்தான் ஓர் ஒப்புதலுக்குச் சாட்சிய மதிப்பு என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. அடித்தவர்கள் அடுத்த அறையில் இருக்கும்போது அது நீங்கியிருக்க வழியில்லை. கால்பந்து பேசி மீட்ட சங்கிலியை உங்கள் திறமையின் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நகைகளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மேலதிகாரி சொன்னதால் போனேன் என்பதும் கவசமாகாது. சட்டவிரோதமான உத்தரவுக்குக் கீழ்ப்படிவது பாதுகாப்புத் தராது. அதிலும் உங்களுக்கு வந்தது எழுத்தில் இல்லாத ஒரு தொலைபேசி அழைப்பு. அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதியை நண்பர்கள் உங்களுக்கு நினைவூட்டியிருக்கிறார்கள். அது உங்கள் பதவி நிலைக்குப் பொருந்துமா, பொருந்தினாலும் சட்டவிரோதக் காவலும் அடியும் பணியின் பகுதியாகுமா என்பவை ஒவ்வொரு வழக்கிலும் தனியாக வாதிடப்படுகின்றன. அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஏட்டில் பெயர் இல்லாதது உங்களுக்கு நன்மையா?

கடிதம் முழுவதிலும் மிகத் தவறான அனுமானம் இதுதான். பெயர் இல்லாததைப் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். அது உங்களுக்கு எதிரான வலுவான ஆதாரமாக மாறலாம்.

விசாரணை நடத்தும் அதிகாரி, அல்லது அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் உரிய பதவி நிலையிலுள்ள வேறொரு காவல் அதிகாரி ஒருவரை விசாரிக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180-ஆவது பிரிவு (பழைய சட்டத்தில் 161) சொல்கிறது. ஆகவே வேறு நிலையத்து வழக்கில் நீங்கள் பேசியது தன்னளவில் தவறன்று. அந்தக் கோரிக்கை எழுத்தில் இருந்து, பொது நாட்குறிப்பில் உங்கள் வருகை பதிவாகி, வழக்கு நாட்குறிப்பில் நீங்கள் விசாரித்த நேரம் குறிக்கப்பட்டிருந்தால், நீங்கள் சட்டப்படி பணியாற்றிய அதிகாரி. இவை எதுவும் இல்லாதபோது, காவலில் இருந்த ஒருவரிடம் எந்த அதிகாரமும் இன்றி மூன்று மணி நேரம் இருந்த வெளியாளாகி விடுகிறீர்கள்.

வரவில்லை என்று சொன்னால் நிற்குமா? நிற்காது. காவல் நிலையங்களின் வாயில், நடைபாதை, கைதி அறை, வெளிப்புறம் என எல்லா இடங்களிலும் கண்காணிப்புக் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள் வரை பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவிட்டது. பழைய குடியிருப்பில் கேமரா இல்லை என்கிறீர்கள். அங்கே போக நிலைய வளாகத்தைக் கடந்துதானே போயிருப்பீர்கள்? உங்கள் கைபேசி எந்தக் கோபுரத்தில் இருந்தது, யார் எத்தனை மணிக்கு அழைத்தார் என்பதைத் திருடர்களின் வழக்கில் எத்தனை முறை எடுத்திருப்பீர்கள்! அதே பட்டியலை ஆணையமும் கேட்டு வாங்கலாம். ‘பேசிக்கிட்டே இருந்த சார்’ என்று அந்தத் தாய் புகாரில் உங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். மகன் சொல்லாமல் அவருக்கு அது தெரிந்திருக்க முடியாது. ஆணையத்தின் முன் உறுதிமொழியுடன் பொய் சொன்னால் அது தனிக் குற்றம். அதில் நீங்கள் ஒருவர் மட்டுமே மாட்டுவீர்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. உங்கள் நண்பர்கள் அதை உங்களுக்குச் சொல்லவில்லை. 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, ஆணையம் கேட்ட கேள்விக்குப் பதிலாகவோ விசாரணைக்குத் தொடர்புள்ளதாகவோ ஒருவர் அங்கே சாட்சியமாகச் சொல்வதை, பொய்ச் சாட்சி வழக்கைத் தவிர, வேறு எந்த உரிமையியல் அல்லது குற்றவியல் வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. உண்மையைச் சொல்பவருக்குத்தான் இதனால் பயன். கூடவே, தன்னையே குற்றவாளியாக்கும் சாட்சியத்தைச் சொல்லுமாறு குற்றம் சாட்டப்பட்ட எவரையும் வற்புறுத்தக் கூடாது என்ற அரசியல் சாசனத்தின் 20(3)-ஆவது உறுப்பு, பின்னால் குற்ற வழக்கு வருமானால் உங்களுக்கும் உரியது. உங்கள் எதிரில் உட்கார்ந்த எத்தனை பேருக்கு அதை எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், அன்றிரவு நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர், கண்டதை நீதித்துறை நடுவரிடம் சொன்னார். எளிதான காரியமில்லை, அவருக்குப் பாதுகாப்பு கொடுக்க வேண்டிய நிலை வந்தது. ஆனால் அவர் சாட்சியாக நின்றார், குற்றம் சாட்டப்பட்டவராக நிற்கவில்லை. உங்கள் நிலை அவருடையதைப் போன்று சுத்தமானதல்ல. இருந்தாலும் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இன்னும் இருக்கிறது. மற்ற நால்வரின் பதில் மனுவில் கையெழுத்திட்ட பிறகு அது இருக்காது.

காணொளியில் ஒப்புக்கொண்டாலும் ஏன் செல்லாது

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. முகம் தெரிகிறது, குரல் தெரிகிறது, அவரே சொல்கிறார். இதைவிட என்ன வேண்டும் என்கிறீர்கள். காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது என்பதற்கு அது எந்த வடிவில் பதிவானது என்பது பொருட்டே அல்ல. வாயால் சொன்னாலும், தாளில் எழுதினாலும், படமாகப் பிடித்தாலும் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதை நிராகரிக்கிறது. பழைய சட்டத்தில் இவையே 25, 26, 27 என்ற மூன்று பிரிவுகள்.

இந்த விதியை மேல்நாட்டார் நம் காவல் துறையின் மேல் அவநம்பிக்கையில் திணித்தது என்று பலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. மறுபாதி சென்னையின் கதை. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் ஒப்புதலுக்காகவும் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-ல் இங்கேதான் அறிக்கை அளித்தது. 1859-ல் மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டம் வந்தது. 1861-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் காவலரிடம் சொன்ன ஒப்புதலுக்குத் தடை வந்தது. 1872-ல் அதுவே சாட்சியச் சட்டத்துக்குள் சென்றது. நூற்றைம்பது ஆண்டுகளில் மாறாத இந்த விதி கைபேசிக் கேமரா வந்ததால் மாறிவிடவில்லை. கேமராவை இயக்குவதற்கு முன் அந்த அறையில் என்ன நடந்தது என்பதைக் காணொளி காட்டாது அல்லவா? ஒப்புதல் வேண்டுமானால் அதைப் பெற வேண்டியவர் நடுவர். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆவது பிரிவின்படி, சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும் என்று எச்சரித்த பிறகே அவர் பதிவு செய்ய வேண்டும்.

உங்களுக்கு உண்மையில் மிச்சமாவது ஒரே வாசல்: சொன்ன தகவலிலிருந்து ஒரு பொருளோ இடமோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியமாகும். 1946-ல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் சொன்ன எல்லைக்கோடு இன்றும் அப்படியே இருக்கிறது. அதுவும் நம் மாகாணத்திலிருந்து போன மேல்முறையீடுதான். ‘கத்தியை வீட்டுக் கூரையில் மறைத்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்’ என்பது ஏற்கப்படும். ‘அந்தக் கத்தியால்தான் அவனைக் குத்தினேன்’ என்பது ஏற்கப்படாது.

இப்போது உங்கள் பழைய வழக்கு ஒன்று விடுதலையில் முடிந்ததைப் பற்றி எழுதியிருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நீதிபதி சட்ட நுணுக்கத்தால் விடுதலை செய்துவிட்டார் என்கிறீர்கள். நீங்களே தந்த விவரத்தின்படி, தகவலைக் கேட்டவர் நீங்கள், கையெழுத்து வேறு அதிகாரியுடையது, கிராம நிர்வாக அலுவலரின் உதவியாளர் மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதற்கான சாட்சிப் பத்திரத்தில்) நிலையத்திலேயே உட்கார்ந்து கையெழுத்திட்டிருக்கிறார். கூண்டில் ஏறிய அதிகாரியிடம் ‘என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார், எந்த வார்த்தையில் சொன்னார்’ என்று கேட்டபோது அவர் தடுமாறியதில் வியப்பில்லை. அவர் அந்த இடத்தில் இல்லை. அடகுக் கடைக்காரரும் முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ் சாட்சியாகிவிட்டார். உங்கள் திறமையால் கிடைத்த உண்மை, நீங்கள் ஏட்டில் இல்லாத ஒரே காரணத்தால் நீதிமன்றத்தில் அநாதையாகிவிட்டது. உங்களை மறைமுகமாகப் பயன்படுத்தும் ஏற்பாட்டில் இழப்பு மூன்று பேருக்கு: நகையைப் பறிகொடுத்தவர், குற்றம் சாட்டப்பட்டவர், நீங்கள். ஆதாயம் அன்று மாலை பத்திரிகையாளர்களுக்கு நகையைப் பரப்பிக் காட்டிய அதிகாரிக்கு.

இனி எங்கே போவது

முதலில் பதவி உயர்வு. புகார் வந்ததாலோ சம்மன் வந்ததாலோ பட்டியலிலிருந்து பெயர் போய்விடாது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டிருந்தாலோ நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தாலோதான் பதவி உயர்வை நிறுத்தி வைக்க முடியும் என்பது 1991-ல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு இதுவரை எதுவும் வரவில்லை. ஆனால் துறை முந்திக்கொண்டு ‘த்ரீ பி’ குறிப்பாணை, அதாவது கடும் தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கொடுத்தால் இந்த ஆண்டுப் பட்டியல் தவறிவிடும். அதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஆணையம் இழப்பீடு பரிந்துரைத்தால் அரசு முதலில் கொடுத்துவிட்டு உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருப்பதால், ‘ஆணையம் என்ன செய்துவிடும்’ என்ற பழைய அலட்சியப் பேச்சை நம்பாதீர்கள்.

வேலையை விடுவது பற்றி மனைவி வற்புறுத்துகிறார் என்கிறீர்கள். அவருடைய அச்சம் நியாயமானது. எனினும் விருப்ப ஓய்வுக்கு 20 ஆண்டுத் தகுதிப் பணியோ 50 வயதோ ஆக வேண்டும்; உங்களுக்கு இரண்டும் ஆகவில்லை. ராஜினாமா செய்தால் பணிக்காலம் பறிபோகும், பொறுப்பு மட்டும் உங்களோடேயே வரும். விசாரணை நிலுவையில் இருக்கும்போது கொடுக்கப்படும் ராஜினாமா, உங்களைப் பற்றித் தவறான ஒரு கதையையும் சொல்லிவிடும்.

தனிப்படைகளுக்குப் போவதை நிறுத்துங்கள். இதை மாற்றுக் கருத்துக்கு இடமின்றிச் சொல்கிறேன். 2022-ல் கொடுங்கையூர் காவல் நிலைய விசாரணையில் ஒருவர் இறந்தது உங்கள் பகுதியில்தான். இரவில் நிலையத்தில் வைத்து விசாரிக்கக் கூடாது என்ற அறிவுறுத்தல் அந்த ஆண்டில் துறைத் தலைமையிலிருந்தே வந்தது. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்தது தனிப்படைக் காவலர்களின் விசாரணையில்; காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐ-க்குப் போனது, முறையான உத்தரவின்றி இயங்கிய தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லும் உத்தரவு வந்தது. கைதிகள் மட்டும் ஏன் கழிப்பறையில் வழுக்கி விழுகிறார்கள் என்று உயர் நீதிமன்றமே கேட்கும் காலம் இது. கைதி மாவுக்கட்டோடு இருக்கும் படத்தைப் பார்த்துக் கைதட்டும் கூட்டம், உங்கள் மீது வழக்கு வரும்போது நீதிமன்ற வாசலில் நிற்காது. அடுத்த முறை அழைப்பு வந்தால், ‘வர்றேன் சார், 180-ல ஒரு ரெக்விசிஷன் மட்டும் அனுப்பிடுங்க, ஜி.டி.யில போட்டுட்டு வந்துடுறேன்’ என்று சொல்லுங்கள் (ஜி.டி. என்பது பொது நாட்குறிப்பு). மறுத்ததாகவும் ஆகாது, முறையான அழைப்பானால் தாள் வரும், முறையற்றதானால் அழைப்பே நின்றுவிடும்.

உங்கள் திறமைக்கு இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. கேள்வி கேட்டு உண்மையை வெளிக்கொணரும் ஆற்றல் குற்றவாளியிடம் மட்டும் தேவைப்படுவதில்லை. பயந்துபோன சாட்சி, பேசத் தயங்கும் குழந்தை, அடகுச் சீட்டை மாற்றி எழுதிய கடைக்காரர், ஏமாந்த அவமானத்தில் பாதியை மறைக்கும் முதலீட்டாளர் இவர்கள் சொல்வதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. சொல்ல வைக்கத் தெரிந்த அதிகாரிகள்தான் குறைவு. மத்தியக் குற்றப்பிரிவும், பொருளாதாரக் குற்றப்பிரிவும், சிபிசிஐடியும் ஆவணமும் பேச்சும் கலந்த வழக்குகளை நடத்துபவை. அங்கே இடமாற்றம் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். சிபிஐ-க்கு அயல்பணியில் செல்லும் வழியும் உண்டு, ஆனால் இந்தப் புகார் முடியாமல் அதற்கான சான்று கிடைப்பது கடினம். செல்போன் பறிப்பில் உங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் 18 வயது நிரம்பாதவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களை நிலையத்தில் உட்காரவைத்துப் பேசவே கூடாது, சிறார் காவல் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. கால்பந்து பேசத் தெரிந்த ஓர் அதிகாரி அந்தப் பிரிவுக்குக் கிடைத்தால் அதை நான் வரவேற்பேன்.

இங்கிலாந்தில் பொய்யான ஒப்புதல்களால் அப்பாவிகள் பல்லாண்டு சிறையில் கிடந்தது வெளியான பிறகு, 1990-களின் தொடக்கத்தில் ‘பீஸ்’ என்ற நேர்காணல் முறையைக் கொண்டுவந்தார்கள்: திட்டமிட்டு, விளக்கம் சொல்லி, குறுக்கிடாமல் பேசவிட்டு, பிறகே முரண்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்பது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் விசாரணையாளராக இருந்த ஹான்ஸ் ஷார்ஃப், பிடிபட்ட விமானிகளோடு காட்டில் உலாவியபடி எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர் போலப் பேசியே தகவல் பெற்றார். போருக்குப் பின் அமெரிக்காவுக்கே குடியேறி, கண்ணாடித் துண்டுகளால் சித்திரம் பதிக்கும் கலைஞராக வாழ்ந்தார். நீங்கள் தன்னிச்சையாகச் செய்துவந்ததற்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதைக் கற்கலாம் என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். அப்படிக் கற்கும்போது ‘முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன்’ என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டியிருக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வு ஆவணங்களைத் தொகுத்து 2006-ல் வெளியான ஆய்வில், மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தது சராசரியாக நூற்றுக்கு 54 முறைதான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அனுபவசாலிகள் இதில் பெரிதாக மேம்பட்டுவிடவும் இல்லை. நீங்கள் சரியாகக் கண்டுபிடித்தவர்கள் உங்கள் நினைவில் இருக்கிறார்கள். தவறாகச் சந்தேகித்து அனுப்பியவர்கள் திரும்பி வந்து சொல்லவில்லை.

சம்மன் தேதிக்கு முன்

உங்களுக்கென்று தனி வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கும் ஒரே வழக்கறிஞர், ஒரே பதில் மனு என்ற ஏற்பாடு செலவைக் குறைக்கும். ஆனால் இரவில் நடந்தது உங்களுக்குத் தெரியாது என்ற உங்கள் ஒரே நல்ல வாதத்தை, இரவில் அங்கே இருந்தவர்களுக்காகவும் வாதாடும் ஒருவர் எப்படி எடுத்து வைப்பார்? அன்று காலை அழைப்பு வந்த நேரத்திலிருந்து வீடு திரும்பிய நேரம் வரை, நினைவில் இருப்பதை உங்கள் கைப்பட எழுதிவையுங்கள். பாதங்களைப் பற்றிய வரியை அதில் விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அழைத்தவர் யார் என்பதைக் காட்டப் போவது அவைதாம். வளாகக் கேமரா பதிவுகளையும் சிறை அனுமதிக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனைக் குறிப்பையும் வரவழைக்குமாறு உங்கள் வழக்கறிஞரே ஆணையத்தில் மனு செய்யலாம். அந்த இளைஞர் எப்போது கொண்டுவரப்பட்டார், நீங்கள் எப்போது வந்தீர்கள் என்ற இடைவெளி பதிவில் தெரிவது உங்களுக்கு உதவும். ஆறு மாதங்கள் ஓடிவிட்டதால் இதில் தாமதம் வேண்டாம்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், அந்தத் தாயை வீட்டில் போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மிரட்ட அல்ல, நடந்ததை எடுத்துச் சொல்ல, முடிந்தால் மன்னிப்புக் கேட்க என்கிறீர்கள். ‘நான் பேசினால் கேட்பார்கள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் புகார் கொடுத்த பெண்ணின் வீட்டு வாசலில், புகாரில் பெயருள்ள காவல் அதிகாரி சீருடை இல்லாமல் நின்றாலும் அது அழுத்தம்தான்; சாட்சியை மிரட்டிப் பொய் சொல்ல வைக்க முயன்றார் என்ற தனிக் குற்றச்சாட்டுக்கு அதுவே போதும். ஆள் அனுப்பாதீர்கள், தெருப் பெரியவர்கள் மூலம் பேசாதீர்கள், அவருடைய மகனின் வழக்கறிஞரையும் நீங்களாகத் தொடர்பு கொள்ளாதீர்கள். அவரிடம் வருத்தம் தெரிவிக்க விரும்பினால் ஆணையத்தின் முன், உங்கள் வழக்கறிஞர் அருகில் இருக்கும்போது, பதிவாகும்படி தெரிவியுங்கள். தற்செயலாக எதிரில் சந்திக்க நேர்ந்தால் ஒதுங்கிச் செல்லுங்கள்; தேதியையும் நேரத்தையும் குறித்துவைத்து வழக்கறிஞரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.